மருந்துக்குக் கேட்காத கிருமி

தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர்களுக்குக் காய்ச்சலைவிடக் காயம் அதிகம். வலையில் சிக்கிய கெளுத்தியைப் பிரிக்கும்போது முள் விரலில் ஏறும். ஆழமில்லாத நீரில் மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கையை மிதித்தால் வால்முள் கணுக்காலைக் கிழிக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பாறை கீறிய விரல் ஆறுவதற்குள் அடுத்த கீறல் விழுந்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்கு முன்பு இங்கே ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் இவற்றோடு ரயில்வேயின் சின்ன மருத்துவமனை ஒன்றும் இருந்தது. புயலுக்குப் பிறகு, மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. மீனவர்கள் குடிசை போட்டுத் திரும்பி வந்தார்கள், மருத்துவமனை திரும்பவில்லை. அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச்சாலை வந்த பிறகும், முள் குத்தியவர் மருத்துவரைப் பார்க்க இருபது கிலோமீட்டர் தள்ளி ராமேஸ்வரம்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களிலும் பலர் ஆஸ்பத்திரி வரிசை வரை போவதில்லை. கடைத்தெரு ‘மெடிக்கல்’ வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். ஒருநாள் தொழிலை விட்டால் அன்றைய பங்கு போய்விடும்.

அந்த வாசலில் என்ன சொல்லி மருந்து கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். “அண்ணே, மேலுக்குச் சரியில்ல, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க.” “முள்ளுக் குத்தி வீங்கிருச்சு, புண்ணு ஆறக் கேப்சூல் குடுங்க.” “போன தடவை குடுத்தது கேக்கல, பவரா ஒண்ணு குடுங்க.” இந்தக் கரை முழுக்க, ஏன் தமிழ்நாடு முழுக்கவே, இதுதான் பேச்சு. மூன்றிலும் ‘ஆன்டிபயாட்டிக்’ என்ற சொல் இல்லை. ஆனால் மூவரும் வாங்கிப் போகும் பொட்டலத்தில் அது இருக்க வாய்ப்பு நிறைய உண்டு. கேட்டவருக்குத் தெரியாமல் உள்ளே போகும் மருந்து, அவருக்குத் தெரியாமலே பாதியில் நின்றும் போகிறது. நம் காலத்தின் பெரிய மருத்துவச் சிக்கல்களில் ஒன்று இந்தப் பெயரில்லாத இடத்தில் வளர்கிறது என்பது என் எண்ணம்.

மருந்துக்கு நாம் பெயர் வைக்கும் வழிகள் சில உண்டு. ஒன்று, வடிவம்: ஊசி, மாத்திரை, கேப்சூல், டானிக், களிம்பு, ட்ரிப். இன்னொன்று, நோய்: சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை. அடுத்தது, வலு: பவர் மாத்திரை, ஹை டோஸ். கம்பெனி வைத்த பெயரே மருந்தின் பெயராகிவிடுவதும் உண்டு; கொரோனாக் காலத்தில் பாராசிட்டமால் பல வீடுகளில் ‘டோலோ’ ஆனது அப்படித்தான். இது மருந்தோடு நிற்கும் வழக்கமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பாக் விரிகுடாவில் வளர்க்கும் பாசிக்கு, வளர்க்கச் சொன்ன கம்பெனியை வைத்து ‘பெப்சிப் பாசி’ என்றே இங்குள்ளவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கண்ணில் பட்டதும் கையில் கொடுத்தவரும் பெயராவது மனித இயல்பு.

வடிவத்தால் பெயரிடுவதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்தது வடிவத்தையும் செய்முறையையும் வைத்துத்தான். சாறு, குடிநீர், சூரணம், இளகம், மெழுகு, செந்தூரம், பற்பம் என்று பெயரைச் சொன்னாலே அதன் ஆயுளும் தெரிந்துவிடும். சாறும் குடிநீரும் ஒரு சாமம்தான் நிற்கும். சூரணம் மூன்று மாதம். பற்பம் நூறாண்டு என்பது மரபு. எதை அன்றே காய்ச்ச வேண்டும், எதைப் பரணில் வைக்கலாம் என்பதைப் பெயரே சொல்லிக் கொடுத்தது. ‘கேப்சூல்’ என்ற வடிவப் பெயர் அப்படி எதையும் சொல்வதில்லை. ஒரே நிறக் கூட்டுக்குள் இரும்புச்சத்தும் இருக்கலாம், டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இருக்கலாம். பழைய பழக்கம் தொடர்கிறது. அதற்குப் பின்னால் இருந்த தகவல் மட்டும் கழன்றுவிட்டது. கேப்சூலைப் பிரித்து உள்ளிருக்கும் பொடியைப் புண்ணில் தூவும் வழக்கம் பல ஊர்களில் இருப்பது இதனால்தானோ என்னவோ. பொடி என்றால் புறமருந்து என்ற நினைவு இன்னும் கையில் இருக்கிறது.

இந்தக் கடலின் இரு கரையிலும் மருந்துப் பேச்சு ஒன்றாக இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. தோட்ட வேலைக்குப் போன தமிழர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகே இலங்கை அரசு கப்பலேற்றியது. 1983-க்குப் பிறகு எதிர்த் திசையில் அகதிகளாக வந்தவர்களும் அதே மண்டபத்தில்தான் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த தமிழில் மாத்திரைக்குக் ‘குளிசை’ என்று பெயர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடுவது ‘பனடோல்’. இருபது மைல் கடலுக்கு அப்பால் அன்றாடச் சொல் மாறிவிடுகிறது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒரே தாய்மொழியாக இருந்தாலும், எந்த மருந்தை ஏற்கெனவே போட்டார் என்பதைக் கேட்டறியப் பொறுமை வேண்டும்.

மேலை மருத்துவத்தைத் தமிழில் சொல்ல நினைத்த முன்னோடியும் அந்தக் கரையில்தான் இருந்தார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் என்று நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் தொகுதிகளும் தந்தார். அவருடைய வேதியியல் நூலுக்கு 1875-ல் அவர் வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. தமிழ்ச்சொல் கிடைத்த இடத்தில் அதை எடுத்தார். கிடைக்காத இடத்தில் அயல்சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார். மாணவர் நோயாளியிடம் போய்ச் சொன்னால் விளங்க வேண்டும் என்பதே அவருக்கு அளவுகோலாக இருந்தது. பிற்காலத்தில் கலைச்சொல் ஆக்கியவர்கள் பலர் இந்த அளவுகோலைக் கைவிட்டுவிட்டார்கள்.

நல்ல பெயர் என்ன செய்யும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. ‘சொட்டு மருந்து’ என்றால் தமிழ்நாட்டில் போலியோ மருந்துதான். 1995-ல் தேசிய அளவில் தொடங்கிய முகாம்களுக்குக் குழந்தையைத் தூக்கி வந்த எந்தத் தாய்க்கும் அது என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘உப்பு சர்க்கரைக் கரைசல்’ என்ற பெயரே செய்முறைக் குறிப்பு. வயிற்றுப்போக்கு வந்தால் எதைக் கலக்க வேண்டும் என்று கேட்கவே வேண்டாம். இவை இரண்டையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தொழுநோய்க்கான ‘கூட்டு மருந்து’. 1940-களிலிருந்து டாப்சோன் ஒன்றையே வருடக்கணக்கில் கொடுத்து வந்தார்கள். அதற்கு அடங்காத கிருமிகள் பெருகின. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. தமிழில் அது கூட்டு மருந்து ஆனது. ஒரு மருந்திடமிருந்து தப்பும் கிருமியை இன்னொன்று பிடிக்கும் என்ற அறிவியல் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று யாருக்கும் தோன்றாது.

ஆன்டிபயாட்டிக்குக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அச்சில் அதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பி, நுண்ணுயிர்க்கொல்லி, உயிர் எதிரி, எதிருயிரி என்று பல பெயர்கள். ஒன்றும் மெடிக்கல் வாசலுக்கு வந்து சேரவில்லை. பல பெயர் இருப்பதோ அவை கடினமாக இருப்பதோ பெரிய குறையில்லை. ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை ஏற்கெனவே வேறொன்று எடுத்துக்கொண்டுவிட்டது என்பதுதான் சிக்கல். நோய் எதிர்ப்பு சக்தி என்றால் எல்லோருக்கும் வேண்டிய நல்ல பொருள். குழந்தைக்கு அது வளர வேண்டும் என்று தாய் கீரை கொடுக்கிறாள். கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீர் குடித்தது அதற்காகத்தான். உடலில் ஊறும் ஆன்டிபாடிக்குப் பாடப்புத்தகத் தமிழில் ‘எதிர்ப்பொருள்’. இவற்றுக்கு நடுவே ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்று ஒரு மருந்து வருகிறது. அந்த மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவதை ‘எதிர்ப்புத்திறன்’ என்கிறார்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டியில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கான எதிர்ப்புத்திறன் வளர்கிறது’ என்று படிப்பவர், நல்ல செய்தி என்று நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

உலக அளவிலும் இதே குழப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. இந்தியா உட்படப் பன்னிரண்டு நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் கேட்டு உலக சுகாதார நிறுவனம் 2015 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மருந்து பலிக்காமல் போவதற்குக் காரணம் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிடுவதுதான் என்று 76 சதவீதம் பேர் நம்பினார்கள். சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் உதவும் என்று 64 சதவீதம் பேர் நினைத்தார்கள். இரண்டும் தவறு. மாறுவது கிருமி, உடம்பு இல்லை. சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அங்கே வேலை செய்யாது. முதல் நம்பிக்கை இரண்டில் அதிக ஆபத்தானது. என் உடம்புதான் பழகிவிட்டது என்று நினைப்பவர், தான் பாதியில் விட்ட மாத்திரை பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பாதிக்கும் என்று எப்படி எண்ணுவார்? ஒருவர் உடம்பில் பிழைத்த கிருமி அடுத்தவரிடம் அதே பிடிவாதத்தோடு போய்ச் சேரும் என்பதே இந்தச் சிக்கலின் மையம்.

இதைச் சொல்லத் தமிழில் வார்த்தை தேட வேண்டியதே இல்லை. மேலே மெடிக்கல் வாசலில் மூன்றாமவர் சொல்லிவிட்டார்: “கேக்கல.” காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கல, இருமல் எந்த மருந்துக்கும் கேக்கல என்று நாள்தோறும் சொல்கிறோம். சொல்பேச்சுக் கேளாத பிள்ளைக்கும் மருந்துக்கு அடங்காத நோய்க்கும் ஒரே வினைச்சொல். ‘மருந்துக்குக் கேட்காத கிருமி’ என்று எழுதினால் தனுஷ்கோடியிலும் விளங்கும், திருவள்ளூரிலும் விளங்கும். கேட்காதது எது என்பதும் அதில் தெளிவாக நிற்கிறது: கிருமி. ஆன்டிபயாட்டிக்குக்கும் ‘கிருமி மருந்து’ என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன். கிருமி என்றால் வைரஸும் அடங்குமே என்று நிபுணர்கள் மறுப்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் பெயரே இல்லாத மருந்தைவிட, ஒரு வாக்கியத்தில் திருத்தக்கூடிய பெயர் மேல். ‘சளிக் காய்ச்சலுக்குக் கிருமி மருந்து உதவாது’ என்பது யாருக்கும் புரியும் வாக்கியம்.

பெயர் இல்லாததன் விளைவை ‘செட்’ என்ற வழக்கில் பார்க்கலாம். ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக்: நான்கையும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒரு செட். இரண்டு செட், மூன்று செட் என்று விற்பனை. காய்ச்சல் விட்டதும் மிச்சப் பொட்டலம் தகரப்பெட்டிக்குள் போகும், அடுத்த காய்ச்சலுக்கு. பாராசிட்டமாலை அப்படி நிறுத்துவதில் தவறில்லை. அதே பொட்டலத்தில் இருக்கும் அசித்ரோமைசினை அப்படி நடத்தக்கூடாது என்று வாங்கியவருக்குத் தெரிய வழியே இல்லை. போதாததற்கு, ‘இங்கிலீஷ் மருந்து சூடு’ என்ற நம்பிக்கை வேறு. ஆன்டிபயாட்டிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிப்பதால் வயிறு கலங்குவது உண்மை. அதைச் சூடு என்று புரிந்துகொண்டு இரண்டாம் நாளே நிறுத்துபவர்கள் நிறைய.

கடற்காயத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகளில் சில, காயத்தில் புகுந்தால் ஒன்றிரண்டு நாளில் சதையை அழுக வைக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உயிராபத்து. அதற்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது டாக்சிசைக்கிளினும் செஃபலோஸ்போரின் வகை ஒன்றும் சேர்ந்த சிகிச்சை. தொண்டைப்புண்ணுக்குப் போன மாதம் வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலினை ‘புண்ணுக் கேப்சூல்’ என்று போட்டுக்கொண்டு காத்திருப்பவர் நேரத்தை இழக்கிறார். திருக்கை முள் குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். முள் உள்ளே தங்கியிருந்தாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ மெடிக்கல் வாசல் போதாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-ல் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த ‘எச் 1’ அட்டவணையில் தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன. அவற்றை விற்றால் சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் செட்டில் அதிகம் புழங்கும் அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் அந்தப் பட்டியலில் இல்லை. சீட்டில்லாமல் தரக்கூடாது என்ற பழைய விதி மட்டுமே அவற்றுக்கு உண்டு. அந்த விதி எப்படிக் காக்கப்படுகிறது என்பது ஊரறிந்தது. 2016-ல் மத்திய அரசு சிவப்புக் கோட்டுப் பிரச்சாரத்தைத் தொடங்கியது. மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்தின் அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருக்கும். எழுத்தறியாதவரும் பார்த்தறியலாம் என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் அட்டையைக் கத்தரித்து இரண்டு இரண்டு மாத்திரையாகப் பொட்டலம் கட்டும் ஊரில் கோடு எங்கே போயிற்று என்று யார் தேடுவார்? எச்சரிக்கை வாசகமும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கேரளம் 2024-ல் இன்னும் ஒரு படி போனது: ஆன்டிபயாட்டிக்கை நீல உறையில் போட்டுத் தரும்படி மருந்துக்கடைகளைக் கேட்டது. மருந்து எந்தத் துண்டாக வந்தாலும் உறையின் நிறம் மாறாது. தமிழ்நாடு இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. காசநோய்க்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 நொதி நாட்டில் பரவியிருப்பதைச் சொன்ன 2010-ஆம் ஆண்டின் லான்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரையில் முதல் பெயர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியுடையது. 2012-ல் நாடெங்குமிருந்து மருத்துவர்கள் கூடி ஆன்டிபயாட்டிக் கொள்கைக்கு வழி சொன்னதும் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அறியப்படுகிறது. இவ்வளவும் இங்கே நடந்தும், கடை வாசலில் நிற்பவருக்கு விளங்கும் தமிழில் ஒரு வரி எழுதப்படவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஆன்டிபயாட்டிக் மனிதரோடு நிற்பதுமில்லை. இறால் பண்ணைகளில் குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் முதலியவை தடைசெய்யப்பட்டவை. மீறினால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். கோழி, கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை 2019-ல் மத்திய அரசு தடுத்தது. பண்ணையில் இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் வெறும் ‘மருந்து’; குளத்துக்குப் போடும் சுண்ணாம்பும் மருந்து, ஆன்டிபயாட்டிக்கும் மருந்து.

கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று நேரடியாகப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘கல்ச்சர் டெஸ்ட்’. சீழையோ சிறுநீரையோ எடுத்து, தட்டில் உறைந்த அகார் கூழின்மேல் தடவி, கிருமியை வளர்த்துப் பிரித்தெடுப்பார்கள். பிறகு அந்தக் கிருமியை இன்னொரு அகார் தட்டில் பரப்பி, வெவ்வேறு ஆன்டிபயாட்டிக் தோய்த்த சிறு வில்லைகளை ஆங்காங்கே வைப்பார்கள். மறுநாள் சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிந்த வட்டம் தெரியும். சிலவற்றின் விளிம்பு வரை கிருமி மண்டியிருக்கும். போதிய அகலத்துக்கு வட்டம் விட்டால் கேட்கிறது, விடாவிட்டால் கேட்கவில்லை. 1880-களில் ராபர்ட் கோஹின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேவின் மனைவி ஃபானி சொன்ன யோசனையால் கிருமி வளர்க்க வந்தது அகார். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. பாம்பன் சின்னப்பாலத்திலும் ராமேஸ்வரத்தீவின் பிற குப்பங்களிலும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, ஆய்வுக்கூடத் தரத்துக்கு ஏற்ற நல்ல அகார் தருவது. 1947-ல் தொடங்கி மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்தப் பாசிகளை நீண்டகாலம் ஆராய்ந்தது. பாசி எடுக்கும்போது கீறிய விரல் பழுத்துப் போனால், அந்தச் சீழுக்குக் கல்ச்சர் பார்க்கும் வசதி அந்தப் பெண்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. அதன் ஆய்வுக்கூடத்துக்குக் குப்பங்களிலிருந்து மாதிரி போய்வர ஒழுங்கான ஏற்பாடு கேட்பது பேராசை இல்லை.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதிலும் பேச்சு மாறி வருகிறது. ‘கோர்ஸை முடிக்கணும்’ என்பது ஐம்பது ஆண்டுக்கு மேலாக மருத்துவர் வாய்ப்பாடு. 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, பல சாதாரண நோய்களுக்கு நீண்ட கோர்ஸுக்குச் சான்று குறைவு, தேவைக்கு மேல் நீட்டுவதே கிருமியைப் பழக்குகிறது என்று வாதிட்டது. காசநோய்க்கு இது பொருந்தாது. அங்கே மாதக் கணக்குக் குறையக்கூடாது. மற்றவற்றில் நாள் கணக்கை நோயைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதைப் பார்த்து நோயாளியோ, கையில் இருக்கும் காசைப் பார்த்துக் கடைக்காரரோ முடிவுசெய்யக்கூடாது. மாத்திரை போட்டுத் தரும் காகித உறைகள் பெரும்பாலானவற்றில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சிட்டிருக்கும். சாப்பாட்டுக்கு முன், பின் என்றும் இருக்கும். எத்தனை நாள் என்பதற்குக் கட்டம் இருப்பதில்லை. நீல உறை வருமானால் அதில் ஒரு கட்டம் நாளுக்கு வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் ‘கிருமி மருந்து’ என்றும், கீழே ‘மிச்சம் வைக்காதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்’ என்றும் தமிழில் இருக்க வேண்டும்.